கொழும்பில் குறைந்த வட்டி கலஹாவில் ஏன் குறையவில்லை?

(கலஹா பகுதித் தோட்டக் கமிட்டிகளின் கூட்டத்தில் 2025 ஜூன் மாதம் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் சம்பளப் பேச்சு முடிந்து எல்லோரும் கலையும் நேரத்தில், பின் வாங்கிலிருந்து ஓர் அக்கா எழும்பி ஒரு கேள்வி கேட்டார். "ரேடியோவில மத்திய வங்கி வட்டியைக் குறைச்சிருச்சுன்னு சொல்றாங்க. நான் தாலிக்கொடியை வச்சிருக்கிற எடத்துல ஒரு சதம் குறையலையே. அது எந்த வட்டி, இது எந்த வட்டி?" என்றார். மேடையில் இருந்த எங்களில் ஒருவருக்கும் நேராகப் பதில் சொல்ல வரவில்லை. "பார்த்துச் சொல்றோம் அக்கா" என்று சமாளித்தோம். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையிடம் அப்படிச் சொன்னால் மறுநாள் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. இன்றைக்கு அந்த அக்காவுக்குத்தான் பதில். மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

முதலில் மத்திய வங்கி என்றால் என்ன? நம் பட்டணத்தில் இருக்கும் வங்கிகளைப் போல அங்கே போய் நாம் புத்தகம் திறக்க முடியாது. அது வங்கிகளுக்கு வங்கி. அரசாங்கத்துக்கும் வங்கி. மடியில் ஒரு நூறு ரூபா நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். இரண்டு கையெழுத்து இருக்கும். ஒன்று நிதி அமைச்சருடையது, மற்றது மத்திய வங்கி ஆளுநருடையது. நாட்டில் பணம் எவ்வளவு இருக்க வேண்டும், அந்தப் பணத்தைக் கடனாக வாங்குவதற்கு என்ன விலை என்று தீர்மானிக்கும் வேலை அந்த ஆளுநரும் அவரது சபையும் செய்வது. இதற்குத்தான் நாணயக் கொள்கை என்று பெயர்.

இந்தக் கதைக்கும் நம் மலைக்கும் பழைய தொடர்பு உண்டு. பக்கத்து லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட கதையைப் பிள்ளைகள்கூடச் சொல்லும். அப்போது இந்த மலையெல்லாம் கோப்பி. பிறகு கோப்பி இலையில் நோய் விழுந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் கதவைச் சாத்தியது. அந்தக் காலத்தில் நோட்டு அடித்து விட்ட வங்கிகளில் அதுவும் ஒன்று. வங்கி விழுந்தால் அந்த நோட்டு வெறும் காகிதம். ஆளுநர் ஆதர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். அதற்குப் பிறகு நோட்டு வெளியிடுவதை அரசாங்கமே நாணயச் சபை ஒன்றை வைத்து எடுத்துக்கொண்டது. அந்தச் சபையால் நினைத்தபடி நோட்டு அடிக்க முடியாது. அடிக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பின்னால் சொத்து இருக்க வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு, சொந்தமாக நாணயக் கொள்கை வேண்டும் என்று 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 1950 ஆகஸ்டில் மத்திய வங்கி திறந்தது. அமெரிக்க மத்திய வங்கியிலிருந்து வந்த ஜோன் எக்ஸ்டர் முதல் ஆளுநர். இன்னொரு சட்டத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். அதே 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம்தான் நம் தாத்தா பாட்டிமாரின் வாக்குரிமையைப் பறித்தது. நாட்டின் பணத்தை யார் எப்படி நடத்துவது என்று சட்டம் போட்ட அந்த வருடமே, அந்தப் பணத்தைத் தேயிலையால் சம்பாதித்துக் கொடுத்தவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சரி, வட்டிக்கு வருவோம். ஒவ்வொரு நாளும் மாலையில் வங்கிகள் கணக்குப் பார்க்கும். ஒரு வங்கிக்கு அன்றைக்குக் காசு குறைந்தால் மத்திய வங்கியிடம் ஓர் இரவுக்குக் கடன் வாங்கலாம். மிஞ்சினால் அங்கேயே வைக்கலாம். வாங்கும் கடனுக்கு ஒரு வட்டி, வைக்கும் பணத்துக்கு ஒரு வட்டி. இந்த இரண்டையும் மத்திய வங்கி தன் இஷ்டப்படி கூட்டிக் குறைக்கும். 2024 நவம்பரிலிருந்து நடுவில் ஒரே வீதத்தை அறிவிக்கிறார்கள். ஓரிரவுக் கொள்கை வீதம் என்று சொல்கிறார்கள். முதலில் 8 சதவீதமாக இருந்தது. கடந்த மே மாதம் 7.75 ஆக்கினார்கள். அக்கா ரேடியோவில் கேட்டது இதைத்தான்.

மத்திய வங்கி அந்த வீதத்தைக் கூட்டினால் வங்கிகள் கடன் வட்டியைக் கூட்டும். வீடு கட்ட நினைத்தவர் தள்ளிப்போடுவார். முச்சக்கர வண்டிக்கு லீசிங் எடுக்க நினைத்த தம்பி யோசிப்பான். கடைக்காரர் குறைவாகச் சரக்கு எடுப்பார். கையில் காசு உள்ளவர் செலவழிக்காமல் வைப்பில் போடுவார். வாங்குகிறவர் குறைந்தால் விலை ஏறும் வேகமும் குறையும். வீதத்தைக் குறைத்தால் இதற்கு எதிர்மாறாக நடக்கும். இது புத்தகத்தில் உள்ளது. பொய்யும் இல்லை. ஆனால் புத்தகம் எழுதியவர் நம் லயத்துத் தண்ணீர்ப் பீலியைப் பார்த்ததில்லை. மேலே தாங்கியில் வால்வைத் திறந்தாலும் கடைசி லயத்துப் பீலிக்குத் தண்ணீர் வர நேரமாகும். மூடினாலோ முதலில் நிற்பது கடைசி லயத்துப் பீலிதான். வட்டியும் அப்படித்தான். ஏறும்போது நம்மிடம் சீக்கிரம் வந்துவிடுகிறது. இறங்கும்போது வழியில் எல்லோரும் பிடித்துக்கொண்ட பிறகுதான் நமக்குச் சொட்டுகிறது.

இனி, 2022இல் நடந்தது என்ன என்று பார்ப்போம். அந்த வருடத்தை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2019 முடிவில் வற் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். வேறு வரிகளையும் குறைத்தார்கள். அரசாங்கத்துக்கு வருமானம் விழுந்தது. அடுத்த வருடம் கொரோனா. சம்பளம் கொடுக்கவும் கடன் கட்டவும் பணம் வேண்டும். திறைசேரி உண்டியல் என்று ஒரு கடன் பத்திரத்தை அரசாங்கம் எழுதும். அதை வாங்க ஆள் இல்லாதபோது மத்திய வங்கியே வாங்கியது. வாங்குவதற்கு மத்திய வங்கிக்கு எங்கிருந்து பணம்? எங்கிருந்தும் இல்லை. அரசாங்கத்தின் கணக்கில் ஓர் இலக்கத்தை எழுதினால் அது பணம். இதைத்தான் பணம் அச்சிடுதல் என்கிறோம். நோட்டு அடிக்கும் இயந்திரம் ஓடவேண்டும் என்றில்லை. 2019 முடிவில் மத்திய வங்கியின் கையில் இருந்த அரசாங்கப் பத்திரங்கள் 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவு. மூன்றே வருடத்தில் அது 2,000 பில்லியனைத் தாண்டியது. அதே நேரம் வட்டியையும் இறக்கி வைத்திருந்தார்கள். 2020 ஜூலையில் மத்திய வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வீதம் 5.5 சதவீதம்தான்.

டொலரையும் பிடித்துக் கட்டிவைத்தார்கள். 2021 முழுவதும் ஒரு டொலர் 200 ரூபாவைச் சுற்றியே நின்றது. அப்படி நிறுத்துவதற்குக் கையிருப்பு டொலரைச் செலவழிக்க வேண்டும். 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலர் இருந்த கையிருப்பு கரைந்துகொண்டே போனது. இடையில் 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். அந்தக் கூத்தை நாம் மலையில் நின்றே பார்த்தோம். கொழுந்து மஞ்சளாகிப்போனதை யாரும் நமக்குப் புள்ளிவிவரத்தில் காட்டத் தேவையில்லை. 2021இல் ஏறக்குறைய 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை அடுத்த வருடம் 250 மில்லியன் அளவுக்கு இறங்கியது.

2022 மார்ச்சில் கட்டு அவிழ்ந்தது. இரண்டு மாதத்தில் டொலர் 360 ரூபா. ஏப்ரல் 8ஆம் திகதி, புதிதாக வந்த ஆளுநர் நந்தலால் வீரசிங்க, கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 புள்ளி ஏற்றினார். கடன் வீதம் 7.5இலிருந்து 14.5. நாலு நாள் கழித்து, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. வட்டி அதோடு நிற்கவில்லை. 2023 மார்ச்சில் 16.5 வரை போனது. அந்தக் காலத்தில் அரசாங்கத்துக்கு மூன்று மாதத்துக்குக் கடன் கொடுத்தவருக்கு 30 சதவீதத்துக்கும் மேல் வருட வட்டி கிடைத்தது. கையில் கோடிக்கணக்கில் வைத்திருந்தவர்களுக்கு அது நல்ல காலம். அதை யாரும் பேப்பரில் போடவில்லை.

அப்படி ஏற்றியது சரியா, பிழையா? சங்கத்துக்குள்ளேயே இரண்டு பேச்சு இருக்கிறது. எங்கள் கருத்தைச் சொல்கிறோம். அந்த நிலைமைக்கு வந்த பிறகு ஏற்றாமல் விட்டிருந்தால் ரூபா இன்னும் கீழே போயிருக்கும். நம் தேயிலையை வாங்கும் துருக்கியில் விலைவாசி ஏறிக்கொண்டிருந்தபோது 2021 செப்டெம்பரிலிருந்து வட்டியைக் குறைத்தார்கள். 2022 ஒக்டோபரில் அங்கே பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. ஆகவே வட்டியே ஏற்றக்கூடாது என்று நாங்கள் மேடையில் முழங்க மாட்டோம். எங்கள் கோபம் வேறு. இரண்டு வருடம் முன்னமே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்திருக்க வேண்டியதை ஒரே இரவில் செய்தார்கள். மருந்தைக் குடித்தவர்கள் நோயை உண்டாக்கியவர்கள் அல்ல. அதோடு, வட்டியை ஏற்றினால் அரிசி விளையாது, உரம் வராது. அது வாங்குகிறவன் கையைக் கட்டத்தான் செய்யும். நம் கை ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

அந்த வருடம் நம் வீடுகளில் நடந்ததைப் பாருங்கள். கோதுமை மா விலை மூன்று மடங்குக்குப் போனது. இரவில் ரொட்டி சுட்ட வீடுகளில் மரவள்ளி அவித்தார்கள். மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபா. எங்கள் பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுபோய் உட்காரவைத்து, தேத்தண்ணியில் சீனி கூடப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். எங்களிடம் படித்து முடித்துக் கொழும்புக் கடைகளுக்குப் போன பையன்கள் சிலர் அந்த வருடம் துணிப்பையோடு திரும்பி வந்தார்கள். வட்டி ஏறி, வியாபாரம் படுத்து, முதலாளி ஆள் குறைத்தார். அந்த வருடம் நாட்டின் மொத்த உற்பத்தி 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது என்று அறிக்கை சொல்கிறது. அறிக்கையில் உள்ள அந்த 7 சதவீதத்துக்குள் அந்தப் பையன்களும் இருக்கிறார்கள்.

அந்த வருடம்தான் நகைகள் போயின. காது, கழுத்து, கை என்று வரிசையாக.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். தேவையானால் பிள்ளைகளின் கொப்பியில் எழுதிப் பாருங்கள். "விலைவாசி குறைந்துவிட்டது, பணவீக்கம் குறைந்துவிட்டது" என்று டீவியில் சொல்கிறார்கள். கடைக்குப் போனால் அப்படித் தெரியவில்லை. யார் பொய் சொல்கிறார்கள்? யாரும் இல்லை. பணவீக்கம் என்பது விலை அல்ல. விலை ஏறும் வேகம். பஸ் மேட்டில் வேகமாக ஏறியது, பிறகு மெதுவாக ஏறியது, இப்போது நிற்கிறது. நின்றாலும் மேலேதான் நிற்கிறது. அடிவாரத்துக்குத் திரும்பி வரவில்லை.

கணக்காகப் பார்ப்போம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமானை வைத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். ஆகவே 169 ரூபா 80 சதம். அடுத்த செப்டெம்பரில் பணவீக்கம் வெறும் 1.3 சதவீதம். பெரிய சாதனை என்றார்கள். நம் சாமான் 172 ரூபாவுக்குப் போனது. 2024 செப்டெம்பரில் அரைச் சதவீதம் இறங்கியது. 171 ரூபா. அவ்வளவுதான் குறைவு.

இப்போது நம் பேரை எடுங்கள். 2021 மார்ச்சில் ஒரு நாள் பேருக்கு 1,000 ரூபா என்று வந்தது. அதே கணக்கில் பெருக்கினால், அந்த 1,000 ரூபாவுக்கு வாங்கியதை 2024 செப்டெம்பரில் வாங்க எவ்வளவு வேண்டும்? 1,710 ரூபா. நாம் என்ன கேட்டோம்? 1,700. பேராசை என்று சொன்னார்கள், தோட்டத்தை மூடவேண்டி வரும் என்று சொன்னார்கள். நாம் கேட்டது உயர்வே இல்லை, தோழர்களே. பழைய சம்பளத்தை அப்படியே திருப்பிக் கேட்டோம், அதிலும் பத்து ரூபா குறைத்து. 2024 மே தினத்தையொட்டி 1,700 வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று முடிந்தது. இந்த வருடப் பாதீட்டு உரையிலும் 1,700 என்ற சொல் வந்தது. கையில் இன்னும் வரவில்லை. அடுத்த தடவை துரையோடு பேசப் போகும்போது இந்தக் கணக்கைக் கொண்டுபோங்கள். கொழும்புச் சுட்டெண் கொழும்பு நகரக் குடும்பங்களின் செலவை வைத்துப் போட்டது. அந்தக் கூடையில் சாப்பாட்டுக்கு மூன்றில் ஒரு பங்கும் இல்லை. நம் வீட்டுக் கணக்கில் பாதியாவது சாப்பாடுதான். 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் மட்டும் 94.9 சதவீதம். ஆகவே 1,710 என்பதும் நமக்குக் குறைத்துப் போட்ட கணக்கு.

"சம்பளத்தை ஏற்றினால் பணவீக்கம் வரும்" என்று இன்னொரு பேச்சு உண்டு. பொதுவாக அதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் நாம் பறிக்கும் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டுக்குப் போகிறது. நம் சம்பளம் ஏறினால் அதனால் கொழும்புக் கடையில் பருப்பு விலை எப்படி ஏறும்? இதைச் சொல்கிறவர்கள் மத்திய வங்கியையும் கொஞ்சம் பார்க்கலாம். 2024இல் அது தன் ஊழியர்களுக்குக் கொடுத்த பெரிய சம்பள உயர்வு வெளியே தெரியவந்து, நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்து, குழு போட்டு ஆராய வேண்டியதாயிற்று. விலைவாசி ஏறியதால் தங்கள் ஆட்களுக்குச் சம்பளம் போதவில்லை என்பது அவர்களுக்குச் சீக்கிரமே விளங்கியிருக்கிறது.

டொலர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். தேயிலையை வெளிநாட்டுக்காரன் டொலரில் வாங்குகிறான். ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஆனபோது, கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோ தேயிலையின் ரூபா விலை 2021ஐவிட 2022இல் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. உரச் செலவும் எண்ணெய்ச் செலவும் கம்பனிகளுக்கு ஏறின, விளைச்சல் குறைந்தது. அதை மறுக்க மாட்டோம். ஆனால் நம் பேர்? 2021 மார்ச்சில் 1,000 ரூபா என்றால் 5 டொலர். 2022 மே மாதத்தில் அதே 1,000 ரூபா மூன்று டொலரும் இல்லை. தேயிலை டொலரிலேயே நின்றது, நம் கூலி மட்டும் ரூபாவோடு சேர்ந்து உருண்டது. இன்றைய 1,350ஐ 300ஆல் வகுத்துப் பாருங்கள். நாலரை டொலர். நாலு வருடம் போராடி அரை டொலர் பின்னால் நிற்கிறோம். ரூபா விழும்போது ஏற்றுமதிக்காரருக்கு இலாபம் என்று பொருளாதாரப் புத்தகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஏற்றுமதிப் பொருளைப் பறிக்கிறவருக்கு என்ன என்று அந்தப் பாடத்தில் இல்லை.

அடுத்தது, நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று. நம் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி வந்தது. தொழில் திணைக்களம்தான் நடத்துகிறது என்று நினைக்கிறோம். கணக்கு வழக்கைக் கவனிப்பது அவர்கள். ஆனால் காசைக் கையில் வைத்திருப்பதும் முதலீடு செய்வதும் மத்திய வங்கி. அந்தக் காசில் பெரும்பகுதியை அரசாங்கத்துக்கே கடனாகக் கொடுத்திருக்கிறார்கள். திறைசேரி முறி என்று பெயர்.

2022க்கு நம் நிதிக்குப் போட்ட வட்டி 9 சதவீதம். அந்த வருட முடிவில் பணவீக்கம் 57 சதவீதம். அதாவது 100 ரூபா 109 ஆனபோது 100 ரூபாச் சாமான் 157 ஆகிவிட்டது. நாற்பது வருடம் கொழுந்து பறித்து அந்த வருடம் ஓய்வு பெற்ற தாய்மார் கையில் வாங்கியது அந்தக் காசைத்தான். யாரும் திருடவில்லை. புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் கூரைக்குத் தகரம் போட நினைத்தவருக்குப் பாதித் தகரம்தான் வந்தது.

2023 நடுப்பகுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று கொண்டுவந்தார்கள். வங்கிகளின் கையில் இருந்த முறிகளைத் தொடவில்லை. சேமலாப நிதியத்தின் பழைய முறிகளை வாங்கிக்கொண்டு நீண்டகாலப் புதிய முறிகளைக் கொடுத்தார்கள். 2025 வரை 12 சதவீதம், அதன் பிறகு 9 சதவீதம். சேராவிட்டால் நிதியத்தின் வருமானத்துக்கு 14 சதவீத வரிக்குப் பதிலாக 30 சதவீதம் வரி. இதை விருப்பத் தெரிவு என்று சொன்னார்கள். வங்கியைத் தொட்டால் மக்களின் வைப்புப் பணம் ஆட்டம் காணும் என்பது அவர்கள் காரணம். அது முழுப் பொய் என்று சொல்ல மாட்டோம். 2023க்கு 13 சதவீத வட்டி போட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் கேள்வி நிற்கிறது. 30 சதவீதத்துக்கு அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்துச் சம்பாதித்தவர்கள் சுமையில் பங்கு எடுக்கவில்லை. பி அட்டையைத் தகரப் பெட்டியில் வைத்திருக்கும் தொழிலாளி எடுத்தார். அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

இனி அந்த அக்காவின் தாலிக்கொடிக்கு வருகிறோம். ஏன் குறையவில்லை?

கொள்கை வட்டி வங்கிகளைத்தான் நேராகத் தொடும். வங்கி ஏற்கெனவே அதிக வட்டிக்கு வாங்கிய வைப்புகள் முடியும் வரைக்கும் கடன் வட்டியைக் குறைக்கத் தயங்கும். பெரிய கம்பனி வந்து பேரம் பேசினால் குறைக்கும். நாம் பேரம் பேசுவதில்லை. அடுத்தது, அடகுத் துண்டில் எழுதிய வட்டி அந்தத் துண்டு முடியும் வரைக்கும் பெரும்பாலும் அதுவேதான். கொழும்பில் குறைந்தது புதுத் துண்டுக்குத்தான் வரும். நாம் என்ன செய்கிறோம்? தவணை முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டி, துண்டைப் புதுப்பித்துக்கொண்டு வருகிறோம். புது வீதம் என்ன என்று கேட்பதில்லை. சும்மா ஒரு கணக்குக்கு, 50,000 ரூபாவுக்கு வருடம் 24 சதவீதம் என்றால் மாதம் 1,000 ரூபா. 18 சதவீதம் என்றால் 750. மாதம் 250 ரூபா வித்தியாசம். வருடத்துக்கு 3,000. இரண்டு பேருக்கும் மேல்.

மூன்றாவது, எங்கே வைத்திருக்கிறோம் என்பது. வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும்தான் மத்திய வங்கி அனுமதிப்பத்திரம் கொடுத்துக் கண்காணிக்கிறது. பட்டணத்துத் தனியார் அடகுக்காரர், சம்பள நாளில் வாசலில் வந்து நிற்கும் வட்டிக்காரர், மீட்டர் வட்டி, இவர்களுக்கும் கொள்கை வட்டிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மத்திய வங்கி 16.5இலிருந்து பாதிக்கு இறக்கினாலும் அவர்கள் 10 வட்டி 10 வட்டிதான். கூட்டமாகச் சேர்த்துக் கொடுக்கும் நுண்கடனும் பலவேளை அப்படித்தான். ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்டவேண்டும் என்று பெண்களுக்குள் சண்டை மூட்டிவிட்டு வசூலிக்கும் கடனுக்கு நாணயக் கொள்கை எதுவும் எட்டாது.

சட்டம் மாறியிருக்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டத்தின்படி, இனி அரசாங்கம் எழுதும் கடன் பத்திரத்தை மத்திய வங்கி நேரடியாக வாங்க முடியாது. பணவீக்கத்துக்கு 5 சதவீதம் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். தொடர்ந்து தவறினால் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்துக் காரணம் சொல்லவேண்டும். நல்லது. ஆனால் அந்த அறிக்கையில் வேலையின்மையும் கூலியும் எங்கே வருகின்றன என்று நாம்தான் கேட்கவேண்டும். விலை ஏறாமல் பார்ப்பது அவர்கள் வேலை என்றால், ஏறிய விலைக்குக் கூலி பிடிப்பது யார் வேலை என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அன்றைய ஜனாதிபதி, பிரதமர், நிதியமைச்சர், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவர், நாணயச் சபை ஆகியோர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறிவிட்டார்கள் என்று பெரும்பான்மை நீதியரசர்கள் சொன்னார்கள். வழக்குச் செலவாக மனுதாரருக்கு ஒன்றரை இலட்சம் ரூபா. அடகில் மூழ்கிப்போன நகைக்கு ஒன்றுமில்லை. அப்படிக் கேட்டு யாரும் வழக்குப் போடவும் இல்லை, நாமும்தான்.

ஆகவே நடக்க வேண்டிய வேலைகளைச் சொல்லி முடிக்கிறோம். அடுத்த மாதக் கமிட்டிக்கு வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் அடகுத் துண்டைக் கொண்டுவாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். மேல்வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரை வரச் சொல்லியிருக்கிறோம், அவர்கள் வட்டி வீதத்தையும் தவணை முடியும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதுவார்கள். யாருடைய பெயரும் வெளியே போகாது. ஒரே இடத்தில் பத்துத் துண்டு இருந்தால், பத்துப் பேராகப் போய்ப் புது வீதத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்போம். தனியாகப் போகவேண்டாம். வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ பதில் ஒழுங்காக வராவிட்டால் மத்திய வங்கிக்கே முறைப்பாடு செய்யலாம். அதற்கென்று 1935 என்ற இலக்கம் இருக்கிறது. கடிதம் எழுத நாங்கள் இருக்கிறோம்.

பி அட்டை இல்லாதவர்கள், அட்டையில் பெயர் ஓர் எழுத்து மாறியிருக்கிறவர்கள், அடையாள அட்டையில் ஒரு பெயரும் செக்ரோலில் இன்னொரு பெயரும் இருக்கிறவர்கள், இன்றைக்கே கிளைச் செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஓய்வு பெறுகிற வருடம் வந்த பிறகு திருத்த ஓடினால் எத்தனை நாள் பேர் போகும் என்று தெரியும்தானே.

போன மாதம் கேள்வி கேட்ட அக்கா இன்றைக்கு வரவில்லை, காய்ச்சல் என்று மகள் சொன்னாள். மகளிடம் கேட்டு அவர் துண்டைப் பார்த்தோம். தவணை ஆகஸ்ட் 19 முடிகிறது. அதற்கு முந்தின வாரம் அவரோடு பட்டணத்துக்கு வரக்கூடியவர்கள் கையைத் தூக்குங்கள்.